தாடையில் பாயிண்ட் பார்த்த விவகாரம்

துறைமங்கலம், பெரம்பலூர்
செவ்வாய்க்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு

பெருமதிப்பிற்குரிய மச்சான் பாலசுந்தரம் அவர்களுக்கு,

துறைமங்கலம் அமிர்தலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் கீழ்த்தாடையின் முன்பக்கம் நீங்கலாக அனைவரும் சௌக்கியம். உடையார்பாளையத்தில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் அவரவர் பற்களோடு சௌக்கியமாக இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். போன வாரம் கொடுத்தனுப்பிய முந்திரிப் பருப்பு வந்து சேர்ந்தது. என்னால் கடிக்க முடியாது என்பதால் உங்கள் தங்கை கிருஷ்ணம்மாள் அதை அரைத்துக் குழம்பில் ஊற்றிவிட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. நன்றி.

போன் இருக்கும்போது எதற்கு இந்த மனுஷன் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், போடாவிட்டால் என்ன ரகசியம் என்பாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பையன் முத்தமிழ்செல்வன் என் போனை எடுத்துப் பார்க்கிறான். நான் சொல்லப் போகிற விஷயம் இரண்டு பேருக்கும் இப்போதைக்குத் தெரியக் கூடாது. அதனால்தான் கடிதம். படித்துவிட்டுக் குழம்பிப் போக வேண்டாம், குழப்பம் என்னிடமே வேண்டிய அளவுக்கு இருக்கிறது.

விஷயம் நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம் பற்றியதுதான். திருமழபாடிப் பெண், அரியலூரில் பல் டாக்டராக இருக்கிற லாவண்யா. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திருமழபாடிக்குப் போய் நம் வீட்டு முடிவைச் சொல்வதாகப் பேச்சு. அதற்குள் நான் சரி அல்லது இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பையனுக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது, இது ஆறாவது இடம். ஐந்து இடம் எப்படிப் போயிற்று என்று உங்களுக்கே தெரியும். ஐந்தாவது இடம் மட்டும் ஏன் போயிற்று என்று நான் இதுவரை உங்களிடம் வாய் திறந்து பேசியதில்லை. பூ வைக்க நாள் குறித்த பிறகு யாரோ போய், ‘பையனோட அப்பாவுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்கு, பரம்பரையா வரும்’ என்று சொல்லி, அவர்கள் ஜோசியர் மேல் பழியைப் போட்டு விலகிக்கொண்டார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது முத்தமிழ்செல்வன் என் தட்டில் உப்பு கம்மியாக இருக்கிறதா என்று ருசி பார்த்துவிட்டுத்தான் வைத்தான். என் நெஞ்சுக்குள் இருக்கிற கம்பி அன்றைக்குக் குத்தியதுபோல ஸ்டென்ட் வைத்த அன்றைக்குக் கூடக் குத்தவில்லை மச்சான்.

பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் பெண்ணுக்குத் தெரியாமல் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். உங்கள் தங்கையைப் பார்க்க என் அப்பா யூரியா வாங்குகிற சாக்கில் உங்கள் அப்பாவின் கடைக்கு வந்து, பெண் கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதிய அழகில் மனம் மயங்கி, வேண்டாத ஆறு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெண் பல் டாக்டராக இருந்தால் எந்தச் சாக்கில் போவது. எனக்குத்தான் கீழே முன்பல் நான்கு இல்லையே. போர்வெல் வண்டியில் முப்பத்தொரு வருஷம் மேஸ்திரியாக இருந்ததில் பைப் கழற்றுகிற ஸ்பேனர் நழுவி வாயில் அடித்த அடி அது. கட்டுப்பல் வைத்திருந்தேன், அது போன ஐப்பசியில் ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்துக்குள் விழுந்ததிலிருந்து நான் போடுவதில்லை. ஆகவே சனிக்கிழமை காலை, உரக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பேரளி வழியாக அரியலூர் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. ஒன்றரை மணி நேரம்.

ஆஸ்பத்திரி சுத்தமாக இருந்தது. ஜோதி என்கிற நர்ஸ் பெண் ஒரு ஃபாரத்தைக் கையில் கொடுத்தது. பெயர், ஊர், வயசு, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, இதய நோய் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், அவர் என்ன உறவு. இத்தனை கட்டம். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. இது வெறும் நோயாளி நிரப்புகிற ஃபாரமாக இருந்தால் உண்மையை எழுதலாம். ஆனால் நாளைக்குச் சம்பந்தம் முடிந்தால் இதே ஃபாரம் பெண் வீட்டுக்காரர்கள் கையில் இருக்கும் ஜாதகம் மாதிரி அல்லவா. அதனால் நோய் கேட்கிற எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதினேன். அவசரத்துக்கு மட்டும் மகன் முத்தமிழ்செல்வன் என்று போட்டு நம்பரையும் எழுதினேன், அதில் என்ன பொய் சொல்ல முடியும்.

பெண்ணைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருக்கிறது, குரல் மெதுவாக இருக்கிறது, எனக்கு முன்னால் வந்த ஒரு அம்மா வலியில் கையைப் பிடித்துக்கொண்டதை விலக்காமல் வைத்துக்கொண்டே பேசியது. முதல் ஐந்து நிமிஷத்திலேயே மனசுக்குள் சரி சொல்லிவிட்டேன். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொன்னதும் திறந்துவிட்டேன். ஈறில் ஒரு குச்சியால் லேசாகத் தொட்டது. ரத்தம் வந்தது. பஞ்சு வைத்தது. நிற்கவில்லை. மறுபடி பஞ்சு. நான்கு பஞ்சு மாற்றி, சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்க்க, அது என்னைப் பார்க்க, கால் மணி நேரம்.

“ஐயா, இவ்ளோ நேரம் ரத்தம் நிக்காம இருக்கே. ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களா?”

“சத்து மாத்திரைகூடப் போடுறதில்லம்மா.”

“ஹார்ட்டுக்கு ஏதாவது?”

“எங்க குடும்பத்துல யாருக்கும் ஹார்ட்டே கெடையாது.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“யோசிக்க என்னம்மா இருக்கு,” என்று சொன்னேன். சட்டைப் பையில் மாத்திரை அட்டை கரகரவென்று சத்தம் போட்டது. கையை மேலே வைத்து அழுத்திக்கொண்டேன். உடனே அந்தப் பெண், நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டுவிட்டது.

பிறகுதான் உண்மையான குழப்பம். நான் கேட்டது ஒரே கேள்வி, எலும்பில் துளை போட்டுப் பல்லை நட முடியுமா, எவ்வளவு நேரம் ஆகும். அதற்கு அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் தாடையைக் கையில் எடுத்துக்கொண்டு பாடம் நடத்தியது. நான் புரிந்துகொண்ட வரைக்கும் அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள்.

“கீழ்த்தாடை எலும்புக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரு கால்வா மாதிரி போகுதுங்க ஐயா. அதுக்குள்ள ரத்தக்குழாயும் நரம்பும் ஒண்ணா ஓடும். பின்னாடி உள்ள போயி, கோரைப்பல்லுக்குக் கொஞ்சம் பின்னால வெளிய வந்துரும். அதனால முன்பக்கம் பயமில்லாத எடம்னு நெறைய பேரு நினைச்சுக்குவாங்க. ஆனா நாக்குப் பக்கமா, எலும்பை ஒட்டிக்கிட்டே வேற குழாய் வருது. நாக்குக்கு அடியிலேருந்து ஒண்ணு, தாவாக்கட்டைக்குக் கீழேருந்து ஒண்ணு. ரெண்டுலேருந்தும் சின்னக் கிளை பிரிஞ்சு, நடுவுல பொடித் துவாரம் வழியா எலும்புக்குள்ள நுழையும். ட்ரில் கொஞ்சம் சாஞ்சு உள்பக்கச் சுவரைத் தாண்டுச்சுன்னா அது அறுந்துரும். ரத்தம் வெளிய கொட்டுனாலாவது தெரியும். அது நாக்குக்கு அடியில தேங்கி, நாக்கைத் தூக்கி மேல தள்ளும். மூச்சு அடைக்கும். அபூர்வமாத்தான் நடக்கும், நடந்துச்சுன்னா நேரம் இருக்காது.”

“எத்தனை அடியிலம்மா இருக்கு அந்தக் குழாய்?”

“அடி இல்லீங்க, மில்லிமீட்டர். நம்ம எறக்குறதே பன்னெண்டு மில்லிமீட்டர் இருந்தா அதிகம்.”

நான் இந்த ஜில்லாவில் அறுநூறு அடி, எண்ணூறு அடி என்று கருங்கல்லைத் துளைத்து இறங்கியவன். பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு இந்தப் பெண் இப்படி நடுங்குகிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, பஞ்சு இருந்ததால் சிரிக்க முடியவில்லை. தவிர, எங்கள் தொழிலில் தண்ணீர் ஓட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் துளை போடுவோம். அடியில் ஓட்டம் இருக்கிறது, அதனால் துளைக்காதே என்று சொல்கிற ஆளை என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். கேட்கும்போது ஒரு கணம் பூலாம்பாடி ஞாபகம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் பூலாம்பாடியில் ஒரு வெங்காயக் காட்டில் போர் போட்டபோது துளைக்கிற பிட் சாய்ந்து, மேலே பார்த்தால் நேராகத்தான் இருக்கிறது, உள்ளே அது பாட்டுக்கு நகர்ந்து போய், பக்கத்துக் காட்டுக்காரர் கிணற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அந்தக் கிணற்றுக்குள் ஆள் இறங்கித் தூர் வாராமல் இருந்தது கடவுள் செயல். அதெல்லாம் இப்போது எதற்கு என்று நினைப்பைத் தள்ளிவிட்டேன்.

கடைசியில் அந்தப் பெண் சொன்ன தீர்ப்பு இது. ஸ்கேன் எடுக்க வேண்டும், சாதாரண எக்ஸ்ரே போதாது, சுற்றி எல்லாப் பக்கமும் காட்டுகிற ஸ்கேன். ரத்தப் பரிசோதனை வேண்டும். நான் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். அதற்கு முன்னால் கையே வைக்க மாட்டாது. திங்கட்கிழமை மறுபடி ஒன்றரை மணி நேரம் லாரிகளுக்குப் பின்னால் போய் அந்த ஸ்கேனையும் எடுத்துக்கொண்டேன். ஒரு மிஷினுக்குள் தலையை நிறுத்தி, அது என்னைச் சுற்றிப் பிரதட்சணம் வந்தது. ரிப்போர்ட் இரண்டு நாளில் போனில் சொல்வதாகச் சொன்னார்கள். ரத்தமும் கொடுக்கவில்லை, டாக்டர் கடிதமும் கேட்கவில்லை. எந்த டாக்டரிடம் போய்க் கேட்பேன். திருச்சி ஹார்ட் டாக்டரிடம் கேட்டால் அவர் முதல் வரியிலேயே ஸ்டென்ட் என்று எழுதிவிடுவார்.

அரியலூரிலிருந்து திரும்புகிற வழியிலேயே, பெரம்பலூரில் இறங்கினவுடன், இன்னொரு பல் டாக்டரிடம் போனேன். பெயர் எதற்கு. ஃபாரம் கிடையாது. கேள்வி கிடையாது. முன்னாலிருந்து ஒரு தட்டையான எக்ஸ்ரே படம் எடுத்தார், ‘எலும்பு சூப்பரா இருக்கு சார், அரை மணி நேர வேலை, வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க’ என்றார். ரத்தக்குழாய் ஏதோ ஓடுகிறதாமே என்று கேட்டேன். ‘முன்னாடி ஒண்ணும் கெடையாது சார், அதெல்லாம் பின்னாடி’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு அப்படியே எங்கள் போர்வெல் கம்பெனி வாசனை அடித்தது. நாங்களும் இப்படித்தான் பேசுவோம்.

இரண்டு டாக்டர், இரண்டு பேச்சு. யார் சொல்வது சரி. எனக்குத் தெரிந்த வழியில் நானே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். இந்த ஜில்லாவில் பாதிப் பேருக்குத் தேங்காய் வைத்துப் போர் போடப் பாயிண்ட் பார்த்துக் கொடுத்தவன் நான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடந்தால், ஓட்டம் இருக்கிற இடத்தில் அது எழுந்து நிற்கும். நேற்று சாயந்திரம் உங்கள் தங்கை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அந்தத் தட்டைப் படத்தை முன்வாசல் தரையில் விரித்து, குடுமி உள்ள தேங்காயாக ஒன்றை எடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு என் தாடையைச் சுற்றி நானே நடந்தேன். இடது கடைவாய்ப் பல்லில் அசையவில்லை. வலதிலும் இல்லை. மோவாய்க்கு நட்டநடுவில் வந்தபோது, மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், தேங்காய் எழுந்து நின்றது. எனக்கு உடம்பு புல்லரித்துப் போயிற்று. நல்ல பாயிண்ட். ஆனால் நின்றுகொண்டு யோசித்தால் குழப்பம் இரட்டிப்பாகிவிட்டது. இது போடு என்று சொல்கிற பாயிண்ட்டா, போடாதே என்று சொல்கிற பாயிண்ட்டா. தேங்காய்க்குத் தண்ணீரும் ரத்தமும் வேறு வேறு என்று தெரியுமா. இப்படி நின்றுகொண்டிருக்கும்போதே உங்கள் தங்கை அர்ச்சனைத் தட்டோடு வந்துவிட்டாள்.

“என்னங்க பண்றீங்க?”

“சும்மாதான்.”

“கீழ கெடக்கறது யாரு?”

“நான்தான்.”

அவள் என்னையும் பார்த்து, படத்தையும் பார்த்து, கையிலிருந்த தேங்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்றைக்குக் காலை டிபனுக்கு அது சட்னியாக வந்தது. கேள்வி எதுவும் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே என் முடிவு இது. முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் நான் கண்டது, பாயிண்ட் நின்ற இடத்தில் பிட்டை இறக்க வேண்டும், அவ்வளவுதான். வியாழக்கிழமை பத்து மணிக்குப் பெரம்பலூர் டாக்டரிடமே நட்டுக்கொள்ளப் போகிறேன். ரத்தம் நிற்காத பிரச்சினைக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன், இன்று முதல் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்று நாளில் ரத்தம் தானாகக் கெட்டியாகிவிடும் என்று கணக்கு. சம்பந்த விஷயத்தில், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை திருமழபாடிக்குப் போய், நயமாக, மனம் நோகாமல், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அரை மணி நேர வேலைக்கு ஆளை இரண்டு தடவை அலைய வைத்து, மூச்சு அடைக்கும், நாக்குத் தூக்கும் என்று பயமுறுத்துகிற டாக்டர் கைராசிக்காரராக இருக்க முடியாது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, டாக்டரைத்தான் பிடிக்கவில்லை. அதைவிட உண்மையைச் சொன்னால், அந்தப் பெண் கேள்வி கேட்கிற விதத்தில், கல்யாணமாகி ஒரு வாரத்தில் என் நெஞ்சைத் திறந்து பார்த்துவிடும். அப்புறம் ஐந்தாவது இடத்துக்காரர்கள் சொன்னது சரிதான் என்று ஆகிவிடும். அந்த வார்த்தையை முத்தமிழ்செல்வன் இரண்டாம் தடவை கேட்க வேண்டாம். என்னால் பார்க்க முடியாது மச்சான்.

வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்டால் ஜோசியர் என்று சொல்லிவிடுங்கள். நமக்கும் அதைத்தானே சொன்னார்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, இருவேளையும் பல் துலக்கி, நீடூழி வாழ என் ஆசீர்வாதம். வாகனத்தில் போகும்போது ஹெல்மெட் போடவும். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனர்,
அமிர்தலிங்கம்

பின்குறிப்பு (வியாழக்கிழமை, மத்தியானம்):

மச்சான், கவர் தேடியதில் ஒரு நாள் போயிற்று. நேற்று கூரியர் கடை பூட்டியிருந்தது. நல்லவேளை பூட்டியிருந்தது. மேலே எங்கெங்கெல்லாம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் வேணும் என்று திருத்திப் படிக்கவும். புதிதாகவே எழுதியிருப்பேன், உங்கள் தங்கைதான், “கிழிக்காதீங்க, எங்கண்ணன் முழுசா படிக்கட்டும், நான் யாரோட குடும்பம் நடத்துறேன்னு தெரியட்டும்” என்று சொல்லிவிட்டாள். ஆமாம், அவள் படித்துவிட்டாள்.

இன்று காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்தில் பச்சைத் துணி கட்டினார்கள். ஊசி போட்டார்கள், உதடு மரத்துப் போயிற்று. அந்த டாக்டர் மிஷினைக் கையில் எடுத்து ஓடுகிறதா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

“ஐயா, அரியலூர்லேருந்து லாவண்யா பேசறேன். ஸ்கேன் ரிப்போர்ட் வந்துருக்கு. எங்க இருக்கீங்க?”

“பஷ் ஷ்டாண்டுல,” என்றேன்.

டாக்டர் மிஷினை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். போனில் அந்தப் பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது.

“அது பஸ் சத்தம் இல்லீங்க. அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியும். எழுந்து வெளிய வாங்க மாமா.”

நாலு மைல் தள்ளி ஓடுகிற ரிக் வண்டியை, எந்தக் கம்பெனி வண்டி என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிறவன் நான். அந்தப் பெண்ணிடம் என்ன வாதம் செய்ய முடியும். அதற்கும் மேலே அந்தப் பெண் மாமா என்று சொன்னது. எனக்குக் கால் தானாக நடந்தது. பச்சைத் துணி கழுத்தோடு ரோட்டுக்கு வந்து ஒரு புளியமரத்தடியில் நின்றேன். அந்தத் துணி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஸ்கேனில் இருந்ததை அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது. என் தாடை எலும்பு முன்னாலிருந்து பார்த்தால் அகலமாகத் தெரிகிறது, நாக்குப் பக்கத்தில் உள்ளே குடைந்தாற்போல் குழிந்திருக்கிறதாம். தட்டைப் படத்தில் அந்தக் குழி தெரியாது. நேராக இறக்கினால் பாதியிலேயே உள்பக்கச் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிடும், ரத்தக்குழாய் அங்கேதான் ஒட்டிக்கொண்டு போகிறது. பூலாம்பாடிக் கிணறு. மேலே நேராகத்தான் இருக்கும். இந்தத் தடவை கிணற்றுக்குள் ஆள் இருந்திருப்பான் மச்சான், அந்த ஆள் நான்.

தேங்காய் நடுவில் எழுந்து நின்றதையும் மறைக்காமல் சொன்னேன். “அந்த நடுத் துவாரம் எல்லாருக்கும் இருக்கும் மாமா, தேங்காய்க்கு வேல இல்ல,” என்று சொல்லிவிட்டது.

“நான் யாருன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“அவசரத்துக்கு யாருன்னு ஃபாரத்துல எழுதியிருந்தீங்களே. அந்தப் பேரும் நம்பரும் போன மாசமே எங்க வூட்டுக்கு வந்துருச்சு.”

“அப்ப அந்த ஸ்டென்ட்டு…”

“பாலசுந்தரம் சார் மொத நாளே எங்கப்பாகிட்ட சொல்லிட்டாரு. எங்கப்பாவுக்கே ரெண்டு ஸ்டென்ட் இருக்கு. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் மூணு தடவ கேட்டேன். சொல்லல. அதான் உங்க டாக்டர்கிட்டேருந்து லெட்டர் கேட்டேன். மாத்திரை போடுறீங்கல்ல?”

மூன்று நாளாக நிறுத்தியிருக்கிறேன் என்று சொன்னேன். அதுவரை மெதுவாகப் பேசின பெண் அதட்டியது. “யாரக் கேட்டு நிறுத்துனீங்க? ஸ்டென்ட் அடைச்சுக்கிட்டா என்ன ஆவுறது? அந்த மாத்திரையோடவே பல்லு வெக்கலாம், எங்களுக்குத் தெரிஞ்சா போதும். இப்பவே உங்க ஹார்ட் டாக்டருக்குப் போன் பண்ணுங்க.” பண்ணினேன். திருச்சி டாக்டரும் திட்டிவிட்டு உடனே மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஒரே மரத்தடியில் நின்று இரண்டு டாக்டரிடம் திட்டு வாங்கினேன், கழுத்தில் பச்சைத் துணியோடு, ரோட்டில் போகிறவன் எல்லாம் பார்க்க.

ஆக, மச்சான், முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் இத்தனை பொய்யை வீணாகச் செலவழித்திருக்க மாட்டேன். கோபமில்லை. ஐந்தாவது இடத்துக்காரர்களிடமும் நீங்களே முதலில் சொல்லியிருந்தால் என் பிள்ளை நாள் குறித்துவிட்டு ஏமாந்திருக்க மாட்டான் என்றுதான் தோன்றுகிறது. ஒளித்தவன் நான்.

இப்போது பயம் எனக்குத்தான். உனக்குச் சம்மதமா அம்மா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. “பையன எனக்குப் புடிச்சிருக்கு மாமா. ஆனா உயிர் போற விஷயத்துல பொய் சொல்ற வூட்டுக்கு வர பயமா இருக்கு. மொதல்ல அந்த ஃபாரத்த சரியா நிரப்பிக் குடுங்க,” என்று சொல்லி, புது ஃபாரம் ஒன்றை என் போனுக்கு அனுப்பியது. முத்தமிழ்செல்வன்தான் பிரிண்ட் எடுத்துவந்து கொடுத்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், நான் எழுத எழுதப் பார்த்துக்கொண்டிருந்தான். சர்க்கரை உண்டு. பிரஷர் உண்டு. ஸ்டென்ட் உண்டு. மாத்திரையின் பெயர், எத்தனை வேளை, நடுவில் மூன்று நாள் நிறுத்தியது, எல்லாம் எழுதினேன். தலைசுற்றல் உண்டா என்ற இடத்தில் ‘தற்சமயம் உண்டு’ என்று எழுதினேன்.

அந்த ஃபாரத்தை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திருமழபாடியில் அந்தப் பெண் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் இந்தத் தடவை லாவண்யா என்று எழுதி, அந்தப் பெண்ணின் நம்பரைப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் நான் நிரப்பவில்லை. கூடவே ஒரு பேனாவும் வைத்திருக்கிறேன்.